சின்னப் பிள்ளைகளின் பள்ளி ஓவியத் திட்டமும் கண்காட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் ஓவியக் கண்காட்சி என்று அறிவிப்பு வந்ததும் பிள்ளையை விடப் பெரியவர்களுக்குத்தான் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. 4 வயது முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பல வருடமாக ஓவிய வகுப்பு எடுக்கிறேன். பெற்றோரும் மற்ற ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: படம் முழுக்கப் பிள்ளையுடையதாக இருக்கட்டும், அதற்கு நேரமும் இடமும் கொடுத்துக் கடைசியில் சுவரில் நன்றாக மாட்டித்தருவது நம் வேலையாக இருக்கட்டும்.

"ஏதாவது செய்துகொண்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பிள்ளையோடு பேசுவதிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் படம் தேடுவதை அன்றைக்குத் தள்ளிவையுங்கள், ஏனென்றால் அழகாக முடித்த ஒன்றைப் பார்த்துவிட்டால் அதே மாதிரி வரவேண்டும் என்ற ஏக்கம் பிள்ளைக்கும் வந்துவிடும், உங்களுக்கும் வந்துவிடும், பிறகு சொந்த யோசனைக்கு இடமே இருக்காது.

தலைப்பு பெரிதாக இருந்தால் அதைச் சிறிதாக்க வேண்டும். "இயற்கை" என்பதை ஒரு 6 வயதுப் பிள்ளையால் வரைய முடியாது, ஆனால் "எங்கள் வாசலில் எறும்பு வரிசை" என்பதை வரைய முடியும். ஒருமுறை "கடல்" என்ற தலைப்போடு ஒரு பையன் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். கடலில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். "காலுக்கு அடியில மண்ணு ஓடிப்போயிடும், கூசும்" என்றான். சரி, அதையே செய் என்றேன். பெரிய தாளில் தன் இரண்டு பாதங்களையும் பெயிண்டில் அச்சு எடுத்து, சுற்றிலும் பசை தடவி மணல் தூவி, விரலால் கோடு கோடாக இழுத்தான். கண்காட்சியில் எல்லோரும் நின்று பார்த்தது அதைத்தான். கடலை ஒரு சொட்டுக்கூட அவன் வரையவில்லை.

ஆகவே "என்ன வரையப் போற?" என்று கேட்காதீர்கள். "எதைப் பார்த்த, எதைத் தொட்ட, எது பயமா இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

எத்தனை நாள் தேவைப்படும்?

கண்காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாளுக்கு முந்தைய இரண்டு நாள் எதுவும் செய்யாமல் விட வேண்டும், அது காய்வதற்கும், ஒட்டியது பிரிந்தால் திரும்ப ஒட்டுவதற்கும். வெறும் ஓவியம் என்றால் அதற்கு முன்னால் ஒரு வாரம் போதும். காகிதப் பட்டைகளைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் பொம்மை என்றால் ஒவ்வொரு அடுக்கும் காய ஒரு நாள் விடுங்கள், குறைந்தது மூன்று அடுக்கு வேண்டும், அப்புறம்தான் வண்ணம். களிமண் என்றால் காய்வதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காரவைப்பது வேண்டாம். 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும், அதற்கு மேல் தானாகவே ஆர்வமாகச் செய்தால் தடுக்க வேண்டியதில்லை.

திட்டமிடுவதையும் பிள்ளையிடமே விடலாம். எழுதத் தெரியாத பிள்ளைக்கும் இது முடியும்: ஒரு தாளை நான்கு கட்டமாக மடித்து, முதல் கட்டத்தில் என்ன செய்வேன், இரண்டாவதில் எதைத் தேடி எடுப்பேன், மூன்றாவதில் எப்படி ஒட்டுவேன், நான்காவதில் முடிந்ததும் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். அந்தத் தாளைச் சமையலறைக் கதவிலோ பீரோவிலோ ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் பிள்ளையே போய் அடித்துவிட்டு வரும், அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே செய்யலாம்.

நான் எவ்வளவு உதவலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் பிரித்துப் பார்ப்பது இப்படி: ஆபத்தான வேலை, பலம் தேவைப்படும் வேலை, துடைக்கும் வேலை எல்லாம் பெரியவர்களுடையது. எதை எங்கே வைப்பது, எந்த நிறம், எந்தக் கோடு, எப்போது முடிந்தது என்கிற முடிவெல்லாம் பிள்ளையுடையது. தடித்த அட்டையை வெட்டித்தரலாம், ஆனால் எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று பிள்ளை கோடு போட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கோடு கோணலாக இருந்தால் கோணலாகவே வெட்டுங்கள்.

பெரிய ஓவியர் ஒருவரின் அறையில் இதே ஏற்பாடு இருந்தது. பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸுக்கு 1941-இல் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது, அதற்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும்தான் இருந்தார். உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசித்தருவார்கள், அவர் கத்தரிக்கோலால் வடிவங்களை வெட்டுவார், அவர் சொல்லும் இடத்தில் உதவியாளர்கள் சுவரில் குத்திவைப்பார்கள், கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடப்பக்கம் என்று அவர் சொல்லச் சொல்ல மாற்றுவார்கள். கடைசியில் அது மத்தீஸின் படைப்புதான், ஏனென்றால் முடிவெடுத்தது அவர். பிள்ளைக்கு நீங்கள் அந்த உதவியாளராக இருந்தால் போதும்.

பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படவே வேண்டாம். "கொஞ்சமா சரிபண்ணித் தரேன்" என்று ஒரே ஒரு கண்ணை அழித்து வரைந்தால்கூட, மீதி இருக்கும் எல்லாம் தப்பு என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

"எனக்கு வராது, நீயே வரைஞ்சு குடு" என்று அழுகிறாள். அப்போது?

இந்த அழுகை பெரும்பாலும் 6, 7 வயதில் வரும், தான் நினைப்பதும் கையில் வருவதும் வேறு வேறாக இருப்பது அந்த வயதில்தான் உறைக்கத் தொடங்கும். வரைந்து கொடுத்துவிட்டால் அழுகை நிற்கும், ஆனால் அடுத்த முறையும் கேட்பாள்.

அதற்குப் பதிலாக அந்தப் பொருளை அவள் முன்னால் கொண்டுவாருங்கள். சைக்கிள் வரைய வரவில்லை என்றால் சைக்கிள் பக்கத்தில் உட்காரவையுங்கள். சக்கரம் எந்த வடிவம், எத்தனை கம்பி, பெடல் எதோடு சேர்ந்திருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஓடுகிற மனிதன் வரவில்லையா, அவளையே ஓடச் சொல்லி நடுவில் நிறுத்தி, இப்போது உன் முட்டி எங்கே மடங்கியிருக்கிறது என்று கேளுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் வேறு ஒரு தாளில் நீங்களும் அவளும் சேர்ந்து பயிற்சி செய்யலாம், நீங்கள் ஐந்து விதமாகச் சைக்கிள் கிறுக்குங்கள், ஒன்றே ஒன்று வரைந்தால் அப்படியே பார்த்து எழுதுவாள். பிறகு அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு அவள் தாளுக்குப் போகச் சொல்லுங்கள்.

5 வயது ஆகிறது. தலையிலிருந்தே கையும் காலும் முளைக்கிற மாதிரி மனிதனை வரைகிறான். திருத்த வேண்டாமா?

வேண்டாம். உலகம் முழுக்க 3, 4 வயதுப் பிள்ளைகள் மனிதனை முதலில் இப்படித்தான் வரைகிறார்கள்: ஒரு வட்டம், அதில் கண், வாய், அதிலிருந்து நேராக இரண்டு கால். தலைப்பிரட்டை உருவம் என்றே ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சில பிள்ளைகள் 5 வயதைத் தாண்டியும் கொஞ்ச காலம் இப்படியே வரைவார்கள், அவரவர் வேகத்தில் உடம்பு வந்து சேரும்.

பிள்ளைகளின் ஓவியம் எந்தப் படிகளில் வளர்கிறது என்பதை விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வியாளர் 1947-இல் வெளியான தன் புத்தகத்தில் விரிவாக எழுதினார். வயதைக் கறாராக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, தோராயமாகச் சொன்னால் 2 முதல் 4 வயது கிறுக்கும் பருவம், 4 முதல் 7 வடிவங்கள் பிறக்கும் பருவம், 7 முதல் 9 வயதில் ஒவ்வொரு பிள்ளையும் மனிதனுக்கு, மரத்துக்கு, வீட்டுக்கு என்று தனக்கென்று ஒரு வடிவத்தை வைத்துக்கொள்ளும். தாளின் அடியில் ஒரு கோடு இழுத்து அதன்மேல் எல்லாவற்றையும் வரிசையாக நிற்கவைப்பதும், மேலே ஒரு பட்டையாக வானத்தைத் தீட்டி நடுவில் வெள்ளையாக விடுவதும் இந்தக் கடைசிப் பருவத்தின் அடையாளம். இந்தப் பருவத்துப் படத்தில் வீட்டுச் சுவரும் தெரியும், உள்ளே கட்டிலும் தெரியும், பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவரின் கால்கூடத் தெரியும். அந்தப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரையவில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது.

அளவுகளும் அப்படித்தான். முக்கியமானவர் பெரிதாக இருப்பார். ஒரு சிறுமி தன் தம்பியை அம்மாவை விடப் பெரிதாக வரைந்தாள், ஏன் என்று கேட்டேன், "அவன்தான் ரொம்ப சத்தம் போடுவான்" என்றாள். இந்தப் படத்தில் "அளவு சரியில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வருமா?

பிள்ளைகளின் படத்தைப் பெரியவர்களின் படத்துக்கு முந்தைய அரைகுறையாகப் பார்க்காமல் தனிக் கலையாகவே மதித்தவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே இருந்தார்கள். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஓவிய ஆசிரியர் 1897-இல் பிள்ளைகளுக்கான ஓவிய வகுப்பு தொடங்கினார். அவருடைய மாணவர்களின் படங்கள் 1920-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கண்காட்சியாகவே வைக்கப்பட்டன.

மற்ற பிள்ளைகளின் படங்கள் பெரியவர்கள் செய்த மாதிரி பளபளவென்று இருக்கும். நடுவில் என் பிள்ளையின் படம் மட்டம் தட்டப்படாதா?

இந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. கண்காட்சி அன்று அப்படி ஒரு நிமிடம் வரவும் செய்யும். ஆனால் பக்கத்தில் போய் நின்று பாருங்கள்: "இதை எப்படிச் செஞ்ச?" என்று யாராவது கேட்டால், தானே செய்த பிள்ளை பேச்சை நிறுத்தாது, வாங்கிவந்து வைத்த பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கும். ஆசிரியருக்கும் இது முதல் பார்வையிலேயே தெரியும், வருடம் முழுக்க அந்தக் கையெழுத்தையும் அந்தக் கோட்டையும் பார்த்தவர்தானே.

நீங்கள் ஆசிரியர் என்றால் இதற்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாமல் வகுப்பிலேயே செய்யவையுங்கள். வீட்டில் உதவ ஆள் இல்லாத பிள்ளைக்கும் அதுதான் நியாயம்.

எந்தப் பொருள்களை வாங்குவது?

தாளில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், மற்றதில் பார்க்கலாம். சாதாரண பிரிண்டர் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) இருக்கும், தண்ணீர் பட்டால் நார் ஊறிச் சுருங்கிவிடும், பிள்ளை இரண்டு முறை பிரஷ்ஷால் தேய்த்தால் கிழியும். போஸ்டர் கலருக்கு 150 ஜிஎஸ்எம்முக்கு மேல் இருக்கட்டும், தண்ணீர் நிறைய விட்டு வாட்டர் கலர் செய்வதென்றால் 300 ஜிஎஸ்எம் தாள் தான் தாங்கும். நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒரு பலகையில் ஒட்டிவிட்டுத் தீட்டினால் நெளியாது. ஏற்கெனவே நெளிந்துவிட்டதா, முழுக்கக் காய்ந்த பின் திருப்பிப் போட்டு முதுகுப்பக்கம் லேசாக ஈரம் தடவி, இரண்டு சுத்தமான தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை ஓர் இரவு வையுங்கள். (முன்பக்கம் போஸ்டர் கலர் தடிமனாக இருந்தால் ஈரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்.)

அளவைப் பொறுத்தவரை சின்னப் பிள்ளைக்குப் பெரிய தாள் நல்லது. விரல் நுனியை விடத் தோளும் முழங்கையும்தான் அந்த வயதில் நன்றாக ஓடும், ஏ4 தாளில் இடிக்கிற கை ஏ3-இல் தாராளமாகப் போகும். பிரஷ்ஷும் தடியாக, கைப்பிடி குட்டையாக இருக்கட்டும்.

வண்ணத்தில் 24 பாட்டில் தேவையில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கருப்பு போதும், மற்றதைப் பிள்ளை கலந்து கண்டுபிடிக்கட்டும். ஒரு விஷயம் மட்டும்: "சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கலந்தால் பல நேரம் சேற்று நிறம்தான் வரும், பிள்ளை நம்மைச் சந்தேகமாகப் பார்க்கும். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, நீலமும் சேர்ந்ததும் மூன்று நிறமும் கலந்து பழுப்பாகிவிடுகிறது. ரோஜாப் பக்கம் சாய்ந்த சிவப்பு, அதாவது மஜெந்தா வாங்கினால் நல்ல ஊதா வரும். வெளிர் நிறம் வேண்டும்போது வெள்ளையில் மற்ற நிறத்தைத் துளித் துளியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், தலைகீழாகச் செய்தால் வெள்ளை பாட்டில் காலியாகிவிடும்.

கையில் கிரேயான் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் நல்ல படம் செய்யலாம். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் அழுத்தி வரைந்துவிட்டு மேலே நீர்த்த வாட்டர் கலரைத் தீட்டினால், மெழுகு தண்ணீரைத் தள்ளிவிடுவதால் கோடுகள் மட்டும் வெள்ளையாக எழும்பும். மழை, நட்சத்திரம், மீன் முள் எல்லாம் இதில் அருமையாக வரும்.

ஜிகினா வேண்டாம் என்று சொல்வேன். தரையிலிருந்து மாதக்கணக்கில் போகாது என்பது ஒரு பக்கம், தூவுகிற ஜிகினா பெரும்பாலும் நுண்ணிய பிளாஸ்டிக் என்பது இன்னொரு பக்கம். பிளாஸ்டிக்கில் செய்த உதிரி ஜிகினா விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மினுமினுப்பு வேண்டுமென்றால் சாக்லேட் சுற்றிய தாளைக் கத்தரித்து ஒட்டலாம்.

களிமண்ணில் செய்தால் உடைந்துபோகிறதே?

மூன்று காரணம்தான். உருவம் உள்ளே கட்டியாக இருப்பது, வேகமாகக் காயவைப்பது, ஈரமான துண்டை வெறுமனே அழுத்தி ஒட்டுவது. பெரிய உருவத்தை உள்ளே குடைந்து, சுவர் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் பாருங்கள். காது, கால் ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, தண்ணீரில் கரைத்த களிமண் குழம்பைத் தடவி ஒட்டச் சொல்லுங்கள். பிறகு வெயிலிலோ மின்விசிறிக்கு நேராகவோ வைக்காமல், லேசாகத் துணி போர்த்தி நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். மெல்லிய நீளக் கழுத்து உள்ள ஒட்டகச்சிவிங்கியை விடப் படுத்திருக்கும் யானை பத்திரமாக வீடு திரும்பும்.

பாதுகாப்பு?

க்ளூ கன் (பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் கருவி) பிள்ளையின் கையில் வேண்டாம். குறைந்த சூட்டில் வேலை செய்யும் வகைகூட 120 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், சாதாரண வகை 190-ஐத் தொடும். கட்டரும் ஸ்ப்ரே பெயிண்டும் பெரியவர்கள் மட்டும், ஸ்ப்ரே என்றால் வெளியில், பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது. பெரிய ஓவியர்களுக்கான வண்ணங்களில் சில நச்சுத் தாதுக்களால் ஆனவை, பிள்ளைகளுக்கென்று குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். வீட்டில் 3 வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால் மணி, பொத்தான், பொம்மைக்குக் கண்ணாக ஒட்டும் உருண்டை எல்லாவற்றையும் எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கிக்கொடுங்கள், வெட்டத் தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கிய பலருக்குப் பிரச்சினை கத்தரிக்கோலில்தான்.

என் மகன் புல்லுக்குப் பழுப்பு அடிக்கிறான். கவனம் இல்லையா?

விளையாட்டாகச் செய்கிறானா என்று பாருங்கள். ஆனால் பச்சையும் பழுப்பும், ஊதாவும் நீலமும் திரும்பத் திரும்ப மாறினால் நிறக்குருடு இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் கேட்பது நல்லது. இது பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்கே மிக அதிகம். பென்சில்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிவிட்டால் அவன் பாட்டுக்குச் செய்வான். படத்தில் பழுப்புப் புல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பாதியில் வெறுத்துப்போய்க் கசக்கி எறிந்துவிட்டான்.

அந்த நிமிடம் எதுவும் பேசாதீர்கள். தாளை எடுத்து நீவி, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதிலிருந்து பிடித்த ஒரு துண்டை மட்டும் கத்தரிக்கச் சொல்லுங்கள், வேறு தாளில் ஒட்டி அங்கிருந்து தொடரலாம். கசங்கிய தாளே மலைக்கும் ஆமை ஓட்டுக்கும் நல்ல பரப்பு. ஆனால் அவன் அந்த யோசனையையே விட்டுவிட்டு வேறு செய்ய விரும்பினால் விட்டுவிடுங்கள்.

வரையவே பிடிக்காத பிள்ளை?

ஓவியத் திட்டம் என்றால் பென்சில் பிடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இலையைத் தாளுக்கு அடியில் வைத்துக் கிரேயானால் உரசி எடுக்கலாம், அட்டைத் துண்டில் கயிறை ஒட்டி வண்ணம் தடவி அச்சுக் குத்தலாம், கல் அடுக்கலாம், துணி தைக்கலாம், அப்பாவின் போனில் ஒரே மரத்தை ஏழு நாள் படம் எடுத்து வரிசையாக ஒட்டலாம்.

வகுப்பில் 30 பேர். எல்லோரும் சேர்ந்து ஒன்று செய்ய முடியுமா?

முடியும், ஒரு எச்சரிக்கையோடு. ஆசிரியர் வெட்டிக்கொடுத்த ஒரே மாதிரி வண்ணத்துப்பூச்சிக்கு 30 பேர் வண்ணம் அடித்துச் சுவரில் ஒட்டினால் தூரத்திலிருந்து பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் எது தன்னுடையது என்று பிள்ளைக்கே தெரியாது. அதை நான் கலை என்று சொல்ல மாட்டேன்.

நான் செய்வது, இரண்டே இரண்டு விஷயத்தைப் பொதுவாக்கிவிட்டு மற்றதை அவர்களிடம் விடுவது. உதாரணமாக ஒரு நீளத் தெரு. எல்லா அட்டையும் ஒரே உயரம், தெருவின் சாலை ஒவ்வொரு அட்டையிலும் அடியிலிருந்து 10 சென்டிமீட்டரில் தொடங்கும், அவ்வளவுதான் விதி. அதற்கு மேல் வீடு கட்டினாலும் சரி, மிருகக்காட்சி சாலை வைத்தாலும் சரி. வரிசையாக மாட்டும்போது சாலை மட்டும் ஒரே ஓட்டமாக ஓடும், 30 வீடும் 30 விதமாக நிற்கும். இரவு பகல் என்று பாதிப் பேருக்குக் கருநீலத் தாள் கொடுத்தால் இன்னும் அழகு.

வேகமாக முடிக்கும் பிள்ளைகள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். பேருந்து, மேகம், நாய்க்குட்டி என்று தெருவில் நகரும் பொருள்களை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த உயரத்தில், எப்படி மாட்டுவது?

பெரியவர்களுக்கான ஓவியக் கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில் வருவது போல மாட்டுவது வழக்கம், நிற்கும் ஆளின் கண் மட்டம் அது. ஆனால் 6 வயதுப் பிள்ளையின் மொத்த உயரமே 115 சென்டிமீட்டர் வாக்கில்தான், கண் 105-இல் இருக்கும். எனவே பிள்ளைகளின் கண்காட்சியில் படத்தின் நடுவை 100 முதல் 110 சென்டிமீட்டரில் வையுங்கள். பெரியவர்கள் குனியட்டும், அல்லது முட்டிபோடட்டும். தன் படத்துக்கு முன்னால் அப்பா முட்டிபோட்டு உட்கார்ந்து பார்ப்பதை ஒரு பிள்ளை எத்தனை காலம் ஞாபகம் வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும், வளர்ந்த பிறகு வந்து என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

படத்தை நேராகச் சுவரில் ஒட்டாமல் கொஞ்சம் பெரிய அட்டையில் ஒட்டி மாட்டினால் அதே படம் இரண்டு மடங்கு மரியாதையோடு நிற்கும். மூன்று பக்கம் 5 சென்டிமீட்டர், அடியில் மட்டும் 6 அல்லது 7 விடுங்கள், எல்லாப் பக்கமும் சமமாக விட்டால் படம் கீழே சரிந்த மாதிரி தோன்றும். எல்லோருக்கும் ஒரே நிற அட்டை, வெள்ளையோ சாம்பலோ. பூப்போட்ட ஓரங்கள் படத்தை விழுங்கிவிடும்.

படத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு உள்ளங்கையாவது இடைவெளி விடுங்கள். எல்லாவற்றையும் நெருக்கி மாட்டிவிட்டு எதையும் பார்க்க முடியாமல் செய்வதுதான் பள்ளிக் கண்காட்சிகளில் நான் அதிகம் காணும் குறை. இடம் போதவில்லை என்றால் கயிறு கட்டித் துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிடலாம், நடைபாதையையும் ஜன்னல் கீழ்ச்சுவரையும் பயன்படுத்தலாம். நேர் வெயில் விழும் சுவர் மட்டும் வேண்டாம், மலிவான வண்ணத்தாளும் ஸ்கெட்ச் பென்னும் சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும். படத்தின் முகத்தில் டேப் ஒட்டுவதும் குண்டூசி குத்துவதும் கூடவே கூடாது.

பொம்மைகளை மேசையில் வைத்தால் நாலு பக்கமும் சுற்றிவர இடம் விடுங்கள். மாட்டுவதற்கு முன் தரையில் பரப்பி, எதுக்குப் பக்கத்தில் எது என்று பிள்ளைகளையே முடிவு செய்யவிடுங்கள், இந்த ஒரு மணி நேரம் வரைந்த நேரத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை.

பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது?

பெயர், வயது, தலைப்பு, எதனால் செய்தது, அப்புறம் பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அது பேசுவதைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்படியே, இலக்கணம் திருத்தாமல். "இது பேய் இல்ல, பேய்க்கு அம்மா" என்று ஒரு சீட்டில் இருந்தது, அந்தப் படத்தை நான் பார்த்த விதமே மாறிவிட்டது. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரத்துப் பாலர் பள்ளிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லோரிஸ் மலகுட்ஸி என்ற கல்வியாளரின் வழிகாட்டலில் வளர்ந்தவை. பிள்ளைகள் சொன்னதை எழுதி, செய்யும்போது எடுத்த படங்களோடு சேர்த்துச் சுவரில் வைப்பதை அவர்கள் கல்வியின் ஒரு பகுதியாகவே செய்கிறார்கள்.

வெளியாட்கள் வரும் இடம் என்றால் முழுப்பெயர் வேண்டாம், கூப்பிடும் பெயர் போதும்.

கூச்சப்படுவான். படத்துக்குப் பக்கத்தில் நின்று பேச மாட்டான்.

மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் எல்லாம் போய்விடும். வீட்டில் பாட்டியை வரவழைத்து மூன்று கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: இது என்ன, எதை வச்சுச் செஞ்ச, எது கஷ்டமா இருந்துச்சு. அப்படியும் பேச விரும்பவில்லை என்றால் பெயர்ச்சீட்டு பேசட்டும், அவன் வருகிறவர்களுக்குத் தாள் கொடுத்து அவர்களையும் ஒரு கோடு போடச் சொல்லும் மேசையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பரிசு கொடுக்கலாமா?

சின்ன வகுப்புகளில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பென்னில் வரைவதை ஏற்கெனவே விரும்பிய பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் நாடா வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள், மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துச் சும்மா விட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் சுமார் பாதிதான் வரைந்தார்கள். அன்று பரிசுக்காக வரைந்த படங்களும் மற்றவர்களுடையதை விடத் தரம் குறைவாகவே இருந்தன.

பள்ளி நிர்வாகம் பரிசு வேண்டும் என்று வற்புறுத்தினால், முதல் இரண்டாம் என்று வைக்காமல், வந்தவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் சின்னச் சீட்டில் ஒரு வரி எழுதிப் போடும்படி படத்துக்கு அடியில் ஒரு உறை ஒட்டிவிடுங்கள். மாலையில் பிள்ளை அந்த உறையை வீட்டுக்குக் கொண்டுபோகும்.

படத்தைப் பார்த்து என்ன சொல்வது? "சூப்பர்" போதாதா?

"சூப்பர்" சொல்லுங்கள், தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "இந்த மூலையில மட்டும் சிவப்பு வச்சிருக்க", "இவ்ளோ சின்னச் சின்ன ஜன்னல் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா போட்டிருக்க." நீங்கள் உண்மையாகப் பார்த்தீர்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும், மீதியை அதுவே சொல்லும். "இது என்ன, நாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது குதிரையாக இருக்கும்.

கண்காட்சி முடிந்த பிறகு எல்லாவற்றையும் எங்கே வைப்பது?

எல்லாவற்றையும் வைக்க முடியாது. பெரிய பொம்மைகளை நிழலான வெளிச்சத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, பிள்ளையிடம் கேட்ட பிறகே பிரிக்கவோ எறியவோ செய்யுங்கள், கேட்காமல் குப்பையில் போட்டதைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகம் நல்ல காட்சியாக இருக்காது. தாள்களில் வருடத்துக்கு ஐந்தாறைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், தட்டையான உறையில், மடிக்காமல், கட்டிலுக்கு அடியில் போதும். பால் க்ளே என்ற ஓவியர் 1911-இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது, சிறுவயதில் தான் வரைந்த சில படங்களையும் அதில் சேர்த்துக்கொண்டார், அதற்கு யாரோ அவற்றை எறியாமல் வைத்திருந்திருக்க வேண்டும்.

பின்பக்கம் பெயரும் தேதியும் வயதும் எழுதிவையுங்கள், பென்சிலால். ஸ்கெட்ச் பென் மை ஊறி முன்பக்கம் தெரியும்.